அண்ணி பார்த்த திசை

பஸ் ஸ்டாண்டில் ஒரு விளம்பரப் பலகையைக் கண்டால், அது என்ன விற்கிறது என்று நான் பார்ப்பதில்லை. அதிலிருக்கும் பெண் எங்கே பார்க்கிறாள் என்றுதான் முதலில் பார்ப்பேன். கையிலிருக்கும் சோப்பையோ கழுத்திலிருக்கும் நகையையோ பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றுமில்லை. நின்று நிதானமாகப் படித்துவிட்டுக்கூடப் போவேன். நேராக என்னைப் பார்த்தாள் என்றால் முந்தானையை இழுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவேன். வீட்டில் இருப்பவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு என் அண்ணியைத் தெரியாது.

திருப்பதியில் அந்த போட்டோ ஸ்டுடியோவில் அண்ணி முக்காலியில் உட்கார்ந்திருந்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. தலைக்குக் குளித்து, ஈரம் காயாத கூந்தலை முன்னால் விட்டு, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கையில் சீயக்காய்த் தூள் பொட்டலம். "பொட்டலத்தப் பாரும்மா" என்று போட்டோக்காரர் சொல்ல, அவளும் அதையே பார்த்தாள். ஒரு படம் எடுத்தாயிற்று. இரண்டாவதற்கு அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட நேரம், வாசலில் விளையாடிக்கொண்டிருந்த அவள் பெண் பாப்பா படியில் உருண்டு விழுந்து வீறிட்டது. அண்ணி வெடுக்கென்று தலையைத் தூக்கினாள். அந்தக் கணத்தில் படம் விழுந்துவிட்டது. வாசல் கேமராவுக்கு நேர் பின்னால் இருந்ததால், படத்தில் அவள் நம்மைத்தான் பார்ப்பாள். கண் இரண்டும் அகல விரிந்திருக்கும்.

நாங்கள் நகரிப் பக்கத்து நெசவுக் குடும்பம். நைனா போன பிறகு தறி சோறு போடவில்லை. அண்ணன் திருப்பதிக்கு வந்து ஒரு சீயக்காய் மில்லில் அரவை பார்த்தான். அதே மில்லில் நானும் அண்ணியும் பொட்டலம் கட்டினோம். பாப்பாவை அம்மா பார்த்துக்கொண்டாள். ஆந்திர மாநிலம் பிரிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராஸுக்கு என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அதுவரை எங்கள் தெருவில் நாங்கள் சும்மா ஒரு வீடு. அதற்குப் பிறகு 'அரவ வீடு' ஆனோம், அதாவது தமிழ்க்காரர் வீடு. யாரும் சண்டைக்கு வரவில்லை. பேசிக்கொண்டிருப்பவர்கள் எங்களைக் கண்டால் பேச்சை நிறுத்துவார்கள், அவ்வளவுதான்.

எங்கள் முதலாளிக்கு விளம்பரப் பித்து. மதராஸுக்குச் சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் சுவரையும் பலகையையும் பார்த்துவிட்டு வந்து எங்களிடம் பாடம் நடத்துவார். கூந்தல் முழங்காலைத் தொடும் பெண்ணை மில்லிலேயே வைத்துக்கொண்டு வெளியில் தேடுவானேன் என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. முதலாளி எதைக் கேட்டாலும் அவன் அப்படித்தான். "நம்ம வூட்டுப் பொண்ணு மொகம் செவுத்துல வரப்போவுதா?" என்று அம்மாவுக்குத்தான் வாயெல்லாம் பல். அண்ணியை ஒருத்தரும் கேட்கவில்லை.

முதல் படத்தைச் சித்தூர் மார்க்கெட் சுவரில் எழுதினார்கள், பொட்டலத்தைப் பார்க்கிற படம். நல்ல பலன். ஜனங்கள் கடையில் வந்து பொடியின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். ஆனால் முதலாளிக்குத் திருப்தி இல்லை. இரண்டாவது படத்தை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு எங்களுக்கு விளக்கினார். "அவ பொட்டலத்தப் பாத்தா ஜனம் பொட்டலத்தப் பாக்கும். வாங்கும், வூட்டுக்குப் போவும், மறந்துடும். இதுல பாரு, அவ உன்னப் பாக்கறா. பாத்தவன் எங்க போனாலும் இவ கூடவே வருவா." அவர் சொன்னது அத்தனையும் நடந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

இரண்டாவது படத்துக்குத் திருப்பதியிலேயே இடம் பார்த்தார். எங்கள் தெரு முனையில், மலைக்குப் போகிற ஜனம் நடந்து போகிற வழியில், ஒரு கிடங்கின் பெரிய சுவர். எழுத வந்த பெயிண்டர் காளஹஸ்திப் பக்கத்துக்காரர். கோயில் திரைச்சீலைகளில் சாமி எழுதிப் பழகிய கை. முகம், மூக்கு, கூந்தல், பொட்டு எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கண்ணை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டுப் போனார். அன்று முழுக்க அந்தச் சுவரைக் கடந்தவர்கள் ஒரு மாதிரியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். மறுநாள் விடிந்ததும் வந்து, சுவரடியில் எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தார். முகத்துக்கு நேர் எதிரே ஒரு மூங்கிலில் கண்ணாடியைக் கட்டி நிறுத்தினார். முகத்தை நேராகப் பார்க்காமல் ஒருக்களித்து நின்று, கண்ணாடியைப் பார்த்தபடியே கருவிழியை எழுதினார். கோயிலில் சாமிக்குக் கண் திறப்பது அப்படித்தான். மில்லுக்குப் போகிற வழியில் நான் நின்று பார்த்தேன்.

"வெளம்பரத்துக்கு எதுக்குண்ணா இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"நேரா பாக்கற கண்ணும்மா. மொதப் பார்வ யார் மேலயும் வுழக் கூடாது. பொட்டலத்தப் பாக்கற கண்ணா இருந்தா எனக்கின்னா, எழுதிட்டு போய்க்கினே இருப்பேன்."

அவர் வஞ்சகமாக ஒன்றும் செய்யவில்லை. நேராகப் பார்க்கும் கண் என்றால் அவர் கைக்குத் தெரிந்தது சாமி கண் ஒன்றுதான். ஆனால் தெருவே அதைப் பார்த்தது. அவிழ்ந்த கூந்தல், பெரிய பொட்டு, விரிந்த கண், போதாததற்குக் கண்ணாடியும் எலுமிச்சம்பழமும். எங்கள் ஊரில் இதற்கெல்லாம் ஒரே அர்த்தம்தான் உண்டு. ஊர் அம்மன் கங்கம்மா வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"சூஸ்தாவுந்தி" என்றார்கள். பார்க்கிறாள். இந்தப் பக்கம் போனாலும் பார்க்கிறாள், அந்தப் பக்கம் போனாலும் பார்க்கிறாள். கடைகளில் பொடியின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. 'பாக்கற அம்மா பொடி' என்று கேட்டார்கள். கடைக்காரர்கள் கையில் கிடைத்த எந்தச் சீயக்காயையும் எடுத்துக் கொடுத்தார்கள், அதையும் வாங்கிப் போனார்கள். முதலாளி பொறுப்பாரா, அதே முகத்தைப் பொட்டலத்தின் மேலும் அச்சடித்தார். அப்புறம் நாங்கள் பொட்டலம் கட்டக் கட்டப் போதவில்லை. எல்லைச் சண்டைக்காரர்கள் இரண்டு தரப்பும் ஊரிலிருந்த சுவர் ஒன்று விடாமல் தாரால் கிறுக்கியிருந்தார்கள். அண்ணியின் சுவரில் மட்டும் ஒரு கோடு கிடையாது. தார் வாளியோடு வந்தவர்கள் அங்கே வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனதை நானே பார்த்தேன். முதலாளி அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

அண்ணி முதலில் சிரித்தாள். பிறகு அந்த வழியை விட்டுச் சுற்றிக்கொண்டு மில்லுக்கு வந்தாள். "எம்மேல நானே கோவமா இருக்கற மாரி இருக்குது" என்றாள் ஒரு நாள். பொட்டலத்தின் மேலிருந்த முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டே, "இது கோவம்னு நெனச்சிக்கினு இருக்காங்க எல்லாரும். புள்ள வுழுந்துட்டுதேன்ற பயம் இது. எனக்குத்தான் தெரியும்" என்றாள்.

தெருக் குழாயில் பெண்கள் அவளுக்கு வழி விட ஆரம்பித்தார்கள். அரவ வீட்டுப் பெண் வரிசையில் நிற்காமல் தண்ணீர் பிடித்தாள். எனக்கே அதில் கொஞ்சம் பெருமைதான். பிறகு குழந்தைகளைக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினார்கள். ஒரு தடவை பார்த்துவிடு தாயே, அது போதும். கூச்சத்தில் நெளிவாள். "ஐயோ, நா யாரு பாக்கறதுக்கு" என்பாள். ஆனாலும் குழந்தை என்றால் அவளால் பார்க்காமல் இருக்க முடியாது. கன்னத்தைத் தட்டிச் சிரித்து அனுப்புவாள். எதிர்வீட்டுக்காரி, சண்டைப் பேச்சு நாளிலும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசியவள், சளி பிடித்த கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு வந்தாள். அண்ணி மடியில் வாங்கி வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமே அதற்கு அம்மை போட்டது. பிழைக்கவில்லை.

யாரும் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அண்ணி தெருவில் இறங்கினால் கதவுகள் சாத்தின. குழந்தைகளின் முகத்தைத் தாய்மார்கள் வயிற்றோடு அழுத்திக்கொண்டார்கள். கடைகளில் எங்கள் பொட்டலங்களை முகம் தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி அடுக்கினார்கள். வெயில் ஏற ஏற அம்மை வீடு வீடாகப் போயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள், அவள் எங்கள் பிள்ளையை என்றைக்குப் பார்த்தாள் என்று. கண்ணைத் திறந்துவிட்டார்கள், பூசை இல்லை, படையல் இல்லை, பக்கத்தில் சீயக்காய் விலை எழுதியிருக்கிறது, அம்மா கோபப்படாமல் என்ன செய்வாள் என்று பேசிக்கொண்டார்கள். சுவரிலிருக்கும் கோபம் அண்ணியின் கண் வழியாக வெளியே வருகிறதாம். அந்த எதிர்வீட்டுக்காரி மட்டும் ஒன்றும் பேசவில்லை. வாசலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடைசியில் தெருப் பெரியவர்கள் முதலாளியிடம் போனார்கள். சரக்கு தேங்கியிருந்ததால் அவரும் இறங்கி வந்தார். சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்றார். பெயிண்டர் சுண்ணாம்பு மட்டையைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். "தெறந்த கண்ணு மேல சுண்ணாம்பு அடிச்சா, உள்ள இருந்துக்கினு பாத்துக்கினே இருக்கும். அனுப்பறதுக்குன்னு ஒரு மொற இருக்குது." அந்த முறை எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கங்கம்மா ஜாத்திரையின் கடைசி விடியலில் களிமண்ணால் பெரிதாக அம்மன் முகம் செய்து வைப்பார்கள். பேரண்டாலு என்கிற சுமங்கலி வேஷம் கட்டிய ஆண் ஒருவர் வந்து அதன் கன்னத்தைப் பிய்த்தெடுப்பார். ஜனம் முண்டியடித்துக்கொண்டு அந்த மண்ணை வாங்கிப் போய் வீட்டில் வைக்கும். நோய் வந்தால் கரைத்துப் பூசும். அத்தோடு அம்மன் ஊரைவிட்டுப் போய்விட்டாள் என்று பொருள். ஜாத்திரை மாதமும் அதுவாகவே அமைந்தது, சுவரிலிருந்த முகத்தையும் அதே விடியலில் அப்படியே அனுப்புவதென்று முடிவாயிற்று.

அந்த விடியலில் நான் அண்ணியோடு வீட்டுக்குள் இருந்தேன். தெரு முனையிலிருந்து தப்பட்டைச் சத்தம் வந்தது. பிறகு அது நின்று, கடப்பாரை சுவரில் இறங்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் அண்ணி தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தெரியாமல்தான் செய்தாள் என்று நினைக்கிறேன். நான் அவள் கையைப் பிடித்து மடியில் வைத்தேன், அது மறுபடி மேலே போயிற்று. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அழவில்லை.

கொஞ்ச நேரத்தில் பெரியவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அம்மனை அனுப்பியாயிற்று, ஆளும் ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும், போகும்போது ஒருத்தரும் பார்க்க மாட்டோம், நீயும் யாரையும் பார்க்காதே தாயே. அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இன்னாடா, பேசேண்டா" என்று நான் கத்தினேன். என்னை அதட்டினானே தவிர அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை அவனை நான் மன்னிக்கவில்லை. அவன் செத்தும் போய்விட்டான்.

அண்ணி எழுந்து நாலு புடவையை மூட்டை கட்டினாள். தாய்வீடு திருத்தணியில். பாப்பாவைத் தூக்கி அவள் கையில் கொடுத்தேன். "கூட்டிக்கினு போ அண்ணி, நானும் வரேன்" என்றேன். அவள் வாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குழந்தையின் தலையைத் தடவிக் கண்டுபிடித்து, அதன் முகத்தை என் தோளுக்குள் திருப்பி அழுத்தினாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள். தெருவில் அத்தனை பேரும் முதுகைக் காட்டி நின்றார்கள். பாப்பா என் தோளில் திமிறி அழுதது. பெற்ற பிள்ளையை இப்படி விட்டுவிட்டுப் போக மனசு எப்படி வந்தது என்று அவள்மேல் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தை ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

அம்மாவும் ஒரு துண்டு வாங்கி வந்திருந்தாள். சுண்ணாம்புக் காரை, ஒரு பக்கம் சதை நிறப் பெயிண்ட். முந்தானையிலிருந்து அவிழ்த்துச் சாமி மாடத்தில் வைத்தாள். மருமகளைத் தெருவில் விட்டுவிட்டு அவள் கன்னத்தை வாங்கி வந்திருக்கிறாயே என்று கேட்டேன். "நீ சும்மா கெட. புள்ளைக்கு ஆவும்" என்றாள். அம்மாவை என்ன சொல்வது.

பாப்பாவுக்கும் அம்மை போட்டது. உடம்பு முழுக்க முத்து முத்தாக வந்து, கண்ணைத் திறக்க முடியாமல் "அம்மா, அம்மா" என்று அனத்தியது. அம்மா காரையைத் தண்ணீரில் உரசி நெற்றியில் பூசினாள். நான் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறித் திருத்தணிக்குப் போனேன்.

அண்ணி தாய்வீட்டுக் கொல்லையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். என் குரல் கேட்டும் திரும்பவில்லை. ஆத்திரத்தோடு எல்லாவற்றையும் கொட்டினேன். உன் பிள்ளை சாகக் கிடக்கிறது, நீ இங்கே உட்கார்ந்து முறம் தட்டுகிறாயா என்றேன். முறம் கையிலிருந்து நழுவியது.

"நா வந்து பாத்தா அது செத்துடும்டி" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊர் சொன்னது, போகட்டும். முதலாளி, பெயிண்டர், கடைக்காரன், யார் வேண்டுமானாலும் நம்பட்டும். அது பயம், கோபமில்லை என்று எனக்குச் சொன்னவளே அவள்தானே. "அந்தப் புள்ளய மடில வெச்சிக்கினு நா நல்லாப் பாத்தேன்டி. வெகுநேரம் பாத்தேன்" என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அன்று பாப்பாவை அவள் ஏன் வாங்கவில்லை என்று. இது தெரியாமல் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேனே. ஊர் முதுகைக் காட்டி நின்றதைவிட, அவளே அதை நம்பியது கொடுமை.

ரொம்பக் கெஞ்சிய பிறகு வந்தாள். முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி, கண் தெரியாதவளைப் போல ரயிலேறி, மார்க்கெட்டுக் கூட்டத்தில் நடந்து வந்தாள். ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. பாப்பா வேப்பிலைப் படுக்கையில் கிடந்தது. அண்ணி அதன் காலடியில் போய், முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கையை மட்டும் பின்னால் நீட்டிக் காலைத் தேடிப் பிடித்தாள். "அம்மா வந்திருக்கேன்டா கண்ணு" என்றாள். அப்படியே உட்கார்ந்திருந்தாள். கஞ்சி கொடுத்தால் அப்படியே உட்கார்ந்து குடித்தாள். பிள்ளை முனகும்போதெல்லாம் முதுகு ஒரு முறை விறைக்கும், கழுத்து திரும்பப் பார்க்கும், ஆனால் திரும்பாது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை, வெளியே போய்விட்டேன். பாப்பாவுக்குத் தண்ணீர் வார்க்கும் முன்தினம், அது எழுந்து உட்காருவதற்குள், அண்ணி கிளம்பிவிட்டாள்.

பிள்ளை பிழைத்தது காரையால் என்றாள் அம்மா. அம்மன் போய்விட்டதால் என்றது தெரு. எல்லைத் தகராறும் ஒரு வழியாக முடிந்து, திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திராவில் நின்றோம். அன்றைக்கு எங்கள் தெருவில் சிலர் தேங்காய் உடைத்தார்கள். அம்மன் இனி நிஜமாகவே எல்லைக்கு அந்தப் பக்கமாம். முதலாளி கிடங்குச் சுவரை மறுபடி பூசி, ஒரு பொட்டலத்தை மட்டும் வரைந்தார். வியாபாரம் சுமாராக நடந்தது. அண்ணன் அவ்வப்போது திருத்தணிக்குப் போய்வந்தான். எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், இருக்கிறாள் என்பான். பாப்பா பெரியவளாவதற்குள் அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பாப்பாவுக்கு இப்போது தலை முழுக்க நரை. போன மாதம் வந்திருந்தபோது, காய் அரிந்துகொண்டே, "அத்தே, எங்கம்மா மொகம் எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. மலைக்கு வந்துபோன ஜனம் அத்தனையும் பார்த்த முகம். பொட்டலத்தில் ஏறி ஊர் ஊராகப் போன முகம். மூக்கு இப்படி, நெற்றி இப்படி என்று சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை.

"வுடு அத்தே" என்றாள் பாப்பா. "அவுங்க கை ஞாபகம் இருக்குது. காலப் புடிச்சிக்கினே இருந்தாங்க."